நெல்லூர் மெஷினுக்கு ஒரு வரி

கௌஸ்: தோணிய விட்டு எறங்குடா கங்கா. நெல்லூர்லருந்து பஸ் மாறி மாறி வரேன். நீ லீவு போட்டுட்டு இங்க வலைக்கு மிதப்பு கட்டிக்கினு கீற.

கங்காதரன்: இன்னா கௌஸு, வந்ததும் வராததுமா...

கௌஸ்: ரைஸ்மில் மெஷின்ல நம்ம கணக்கு புரோகிராம் அப்படியே நின்னுபோச்சி. பார்ட்டி எதிர்லயே முதலாளி என்னை டிரங்க் கால்ல கிழிச்சாரு. என் செட்டிங் பைல்மேல உன்னை யாரு கை வைக்கச் சொன்னது?

கங்காதரன்: மெஷினுக்கு ஒண்ணா அஞ்சு வெச்சிருந்தியே, அதுவா?

கௌஸ்: யூனிக்ஸ் வேற, டாஸ் வேற. அஞ்சையும் கலந்து ஒண்ணாக்கி வெச்சிருக்க. ஏரி வலையும் கடல் வலையும் ஒண்ணாடா?

கங்காதரன்: வலக்கண்ணு அளவு வேற. நூலும் மிதப்பும் ஒண்ணுதானே... அத அஞ்சு தடவ எழுதுவியா? பொதுவானத மேல ஒரே தடவ எழுதினேன். மாறுறத மட்டும் மெஷின் பேர் போட்டுக் கீழ வெச்சேன்.

கௌஸ்: கிழிச்ச. நெல்லூர் மெஷின்ல மெமரி கம்மி. அதுக்குன்னு இருந்த வரியத் தூக்கிட்ட.

கங்காதரன்: ...தூக்கிட்டேனா? சும்மா கெடக்குதுன்னு நெனச்சேன். தப்புதான். கீழ நெல்லூர்னு போட்டிருக்கும். அங்க சேத்துக் கம்பைல் பண்ணு, ஓடும்.

கௌஸ்: ஒரே வரியா?

கங்காதரன்: ஒரே வரி. யார் வேணா சேக்கலாம்.

கௌஸ்: அதான்டா என் வயித்தெரிச்சல். யார் வேணா சேக்கலாம்னா என்னை எதுக்கு வெச்சிக்குவாங்க?

கங்காதரன்: ஆங்... வந்துச்சா வெளிய? போன வருஷம் பெருநாளுக்கு நீ ஊருக்கு வந்துட்ட. உன் அஞ்சு பைலும் எனக்கு வெளங்கல. வேலைய முடிச்சிட்டுதான் போவணும்னு முதலாளி உக்கார வெச்சிட்டாரு. அன்னிக்குத்தான் இங்க பாடு சீட்டு.

கௌஸ்: டேய், அது...

கங்காதரன்: பேச வுடு. ஏரியில எந்த எடத்துல எவன் வல போடறதுன்னு சீட்டு குலுக்கறப்ப தலைக்கட்டு நேர்ல நிக்கணும். நைனா போனப்புறம் எங்க வூட்டுக்கு நான்தான். நிக்கல, பாடு போச்சி. வருஷம் பூரா என் தம்பி அடுத்தவன் தோணியில கூலிக்குப் போனான்.

கௌஸ்: நான் வேணும்னு பண்ணல.

கங்காதரன்: வேணும்னுதான் பண்ண.

கௌஸ்: ...ஆமா, பண்ணேன். நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தனத்தான் வெச்சிக்கப்போறாங்க. அத உங்கிட்ட மறைச்சிட்டு, எனக்கு மட்டும் வெளங்கற மாதிரி பைல அஞ்சா வெச்சேன். பயம்டா.

கங்காதரன்: அது எனக்கும் தெரியும். லீவு இல்லடா, நீ நெல்லூர் போன அன்னிக்கே வேலைய விட்டுட்டேன். இனிமே ஒருத்தனா அஞ்சு மெஷினையும் கட்டி அழுவியேன்னு நீ பிளாப்பி எடுத்துக்கினு கெளம்பறதுக்கு முன்னயே அந்த பைல ஒண்ணாக்கி வெச்சேன், என்னைத் திட்ட வந்துட்டான்.