பட்ஜெட்டின் நான்காம் பக்கம், ஒன்பதாம் வரி

இந்த அவையை அமைதியாகவும் அழகாகவும் நடத்தித் தரும் தலைவர் அவர்களே! கோழி கூவும் முன்பே எழுந்து, கோழி அடங்கிய பின்னும் கணக்குப் பார்க்கும் பண்ணைப் பெருமக்களே! வாங்குவதற்கு முன் மூன்று முறை பேரம் பேசினாலும், வாங்கிய பின் வாக்கு மாறாத வியாபாரப் பெரியவர்களே! வேலை முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே வந்து பின்வரிசையில் அமர்ந்திருக்கும் பேக்கிங் ரூம் தாய்மார்களே! உங்கள் சங்கப் பொருளாளனின் பணிவான வணக்கம்.

தலைவர் எனக்குப் பத்து நிமிடம் தந்திருக்கிறார். "பட்ஜெட்டைப் படிச்சிட்டு இறங்கிடுங்க" என்று காதோடு சொல்லியும் அனுப்பியிருக்கிறார். சிரிக்காதீர்கள், அவருக்கு என்னைப் பற்றி நன்றாகவே தெரியும்.

இருபத்திரண்டு பண்ணைகள் சேர்ந்து ஒரே பொதுப் பேக்கிங் கூடம் கட்டப் போகிறோம். மணிக்கு முப்பதாயிரம் முட்டையைத் தூக்கி, துடைத்து, எடை பிரித்து, அட்டையில் அடுக்கும் இயந்திரம் வாங்கப் போகிறோம். வேண்டுமா வேண்டாமா என்று கேட்க நான் வரவில்லை. வேண்டும்! கையால் அடுக்கிக் காலம் முழுக்க முதுகு வலியில் கிடக்க யாரும் பிறக்கவில்லை. ஆனால் அந்த இயந்திரத்துக்கு எப்படி பட்ஜெட் போடுவது? அதைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டு. ஏனென்றால், இங்கே இருப்பவர்களிலேயே அதைத் தப்பாகப் போட்டவன் நான் ஒருவன்தான்.

போன வருடம் என் பண்ணைக்கு மட்டும் ஒரு சின்ன இயந்திரம் வாங்கினேன். நாற்பதாயிரம் கோழிக்கு ஏற்றது. பட்ஜெட் போட்டேன், பாருங்கள், பத்துப் பக்கம்! மோட்டாருக்கு ஒதுக்கினேன். மின்சாரத்துக்கு ஒதுக்கினேன். மின்சாரம் போனால் ஓட ஜெனரேட்டருக்கு ஒதுக்கினேன். மாற்றுப் பெல்ட்டுக்கும், முட்டையை உறிஞ்சித் தூக்கும் ரப்பர்க் குவளைகளுக்கும் ஒதுக்கினேன். எழுதி முடித்து மீசையைத் தடவிக்கொண்டேன். லாரியில் இயந்திரம் வந்து இறங்கியது. வாசலுக்குள் நுழையவில்லை! வந்த மெக்கானிக் நாடாவை வைத்து அளந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், மெஷின் சரியான அளவுதான். உங்க வாசல்தான் ஒல்லியா இருக்கு."

சுவரை இடித்தேன். இடித்த செலவு பத்துப் பக்கத்தில் எந்தப் பக்கத்திலும் இல்லை. யானை வாங்கியவன் அங்குசத்துக்கு அழுதானாம், நான் செங்கலுக்கு அழுதேன். ஆனால் பெரியோர்களே, சுவரைக் கட்டிவிடலாம். நான் செய்த பெரிய தப்பு வேறு ஒன்று.

என் பேக்கிங் ரூமில் ஆறு பெண்கள் வேலை பார்த்தார்கள். அவர்களுக்குத் தலைமை என் அண்ணி. என் அண்ணன் காலமான பிறகு, யார் கையையும் எதிர்பார்க்காமல், பதினெட்டு வருடம் அந்த அறையில் நின்றே பிள்ளைகளை ஆளாக்கியவர். என் பட்ஜெட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். நான்காம் பக்கத்தில் விரல் நின்றது.

"தம்பி, இது என்ன, 'மிச்சம், ஆறு பேர்'?"

"கூலி மிச்சம் அண்ணி. அதனாலதான் மெஷின் மூணு வருஷத்துல தன் விலையை எடுத்துடும்."

"அப்ப எங்க ஆறு பேரையும் வரவுல எழுதியிருக்கீங்க."

"உங்களை இல்ல அண்ணி, நீங்க வீட்டுல ராணி மாதிரி இருக்கலாம்!"

அண்ணி தாளை மடித்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். மறுவாரம் ஆறு பேரும் வேலையை விட்டு நின்றார்கள். ஒருவர்கூட என்னிடம் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இயந்திரம் ஓடியது. அழகாக ஓடியது! இரண்டு மாதம் நான் தரையில் நடக்கவில்லை. மூன்றாம் மாதம் பேக்கரிக்காரர் போன் செய்தார். "அண்ணே, அட்டை அட்டையா ஒழுகுது. எறும்புக்கு விருந்து வைக்கவா அனுப்புறீங்க?" ஒரு லாரி திரும்பி வந்தது. இரண்டாவது லாரி வந்தது. மூன்றாவதும் வந்தது.

என்ன நடந்தது? மூன்றாம் கொட்டகைத் தீவனத்தில், முட்டை ஓட்டுக்குப் பலம் தரும் கிளிஞ்சல் கலப்பது விட்டுப்போயிருந்தது. ஓடு மெலிந்துவிட்டது. பத்தொன்பது நாள்! பத்தொன்பது நாளும் என் பண்ணையில் ஒருவருக்கும் அது தெரியவில்லை. இயந்திரத்தின் மேல் குற்றமா? இல்லை. எடு என்றால் எடுக்கும், அடுக்கு என்றால் அடுக்கும். கேள் என்று நாம் அதற்குச் சொல்லவில்லையே!

இந்தத் தாய்மார்கள் கேட்பார்கள். இரண்டு முட்டையை எடுத்து ஒன்றோடு ஒன்றை மெல்லத் தட்டுவார்கள். நல்ல முட்டை கிண்ணென்று சொல்லும். கீறல் விழுந்தது சத்தம் செத்துப்போய்ச் சொல்லும். பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே, மருமகளைத் திட்டிக்கொண்டே கேட்பார்கள். பின்வரிசையில் சிரிப்பு அதிகமாகக் கேட்கிறதே, உண்மையைத்தான் சொல்கிறேன்! கீறல் முட்டையைப் பிரித்து வைப்பதோடு நின்றார்களா? "தம்பி, மூணாம் கொட்டகை முட்டை ரெண்டு நாளா சத்தம் சரியில்ல, தீவனத்தைப் பாருங்க" என்று அண்ணி எத்தனை முறை சொல்லியிருப்பார்! அந்த ஒரு வாக்கியத்துக்கு என் பட்ஜெட்டில் நான் என்ன விலை போட்டேன்? மிச்சம் என்று போட்டேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதைப் பத்துப் பக்கம் எழுதிப் படித்துக்கொண்டவன் நான்.

அண்ணி வீட்டுக்குப் போனேன். அடுப்படியில் நின்றார். வெட்கத்தை விட்டுச் சொன்னேன்: "அண்ணி, திரும்பி வாங்க. உங்களுக்குச் சம்பளத்தைக் கூட்டித் தர்றேன்."

அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினார். "எனக்கு மட்டும் குடுத்தா, நான் உங்க சொந்தக்காரிங்கிறதால குடுத்த மாதிரி ஆயிடும் தம்பி. மத்த அஞ்சு பேரு மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது? இப்ப சங்கத்துல பெரிய மெஷின் வாங்குறீங்களாமே, அந்த பட்ஜெட்டும் நீங்கதான் எழுதுறீங்களாமே. அதுல எங்களை எங்க எழுதியிருக்கீங்க?"

அன்புக்குரியவர்களே! அதற்கு முந்தைய வாரம்தான் அந்த வரைவை எழுதி முடித்திருந்தேன். பழைய தாளைப் பார்த்தே எழுதியிருந்தேன்! உங்கள் கையில் இருக்கிறது, நான்காம் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஒன்பதாம் வரி. "மிச்சம், அறுபத்தெட்டு பேர்." இருபத்திரண்டு பண்ணைகளின் பேக்கிங் ரூம் பெண்கள் அத்தனை பேரும், என் பண்ணையின் ஆறு பேரையும் சேர்த்து! சுட்டும் புத்தி வராதவன் எழுதிய வரி அது. எழுதிய கையாலேயே இப்போது அடிக்கிறேன், பாருங்கள், அடித்துவிட்டேன்.

அதே வரியைச் செலவுப் பக்கத்தில் எழுதுகிறேன். அறுபத்தெட்டு பேருக்கும் இயந்திரம் ஓட்டப் பயிற்சி, பயிற்சிக் காலத்துக்கு முழுக் கூலி, கூடம் திறந்த அன்றே வேலை. ஓடு சோதிக்க, வெளிச்சத்தில் முட்டை பார்க்க, எந்தக் கொட்டகையில் என்ன கோளாறு என்று அன்றன்றே பண்ணைக்குச் சொல்ல ஆள் வேண்டும். விலகுகிறேன் என்பவருக்கு ஒரு வருடக் கூலி.

யார் அது? "கணக்கு உதைக்குமே" என்றா கேட்டீர்கள்? உதைக்கும் ஐயா! மூன்று வருடத்தில் எடுக்கும் விலையை ஐந்து வருடத்தில்தான் எடுக்கும். ஒளிக்கவில்லை. நாம் காத்திருக்கலாம், நமக்குப் பண்ணை இருக்கிறது. பதினெட்டு வருடம் நின்ற காலுக்கு அடுத்த மாதம் என்ன இருக்கிறது? வங்கிக்கு வட்டி ஒதுக்கத் தெரிந்த நமக்கு, உழைத்தவர்க்கு ஒரு வரி ஒதுக்கத் தெரியாதா? திருத்திய பட்ஜெட் வேண்டாம் என்று அவை சொன்னால், வேறு பொருளாளரை வைத்துப் பழையதை நிறைவேற்றிக்கொள்ளுங்கள். அதில் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

சம்மதிப்பவர்கள் கை உயர்த்துங்கள் என்று தலைவர் இப்போது கேட்பார். என் அண்ணி அதோ, கடைசி வரிசையில், கதவோரம் உட்கார்ந்திருக்கிறார். அவர் என்னைப் பார்க்கவில்லை. உங்கள் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கும், மணியை எடுத்தும் அடிக்காமல் விட்ட தலைவருக்கும், இத்தனை வருடம் கேட்டுச் சொன்ன தாய்மார்களுக்கும் நெஞ்சார்ந்த நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்.