தண்ணீர்த் தொட்டியில் போட்டது

அண்ணி: ...அந்தத் தண்ணி பாட்டிலை முதல்ல கீழ வை. மூணாவது பாட்டில் அது.

கொழுந்தன்: உலைகிட்ட வந்து நின்னு பாருங்க அண்ணி. எவ்வளவு குடிச்சாலும் தாகம் அடங்க மாட்டேங்குது.

அண்ணி: பத்து வருஷமா நிக்கிறே. இன்னைக்கு மட்டும் என்ன புதுத் தாகம்?

கொழுந்தன்: வெயில்... சரி, சோதனைச் சீட்டுல கையெழுத்தைப் போட்டுக் குடுங்க. வெளியில வேன் நிக்குது.

அண்ணி: நிக்கட்டும். இந்தப் பெட்டியில இருக்கற, கிரேன்ல பாரம் தாங்கற பின்னெல்லாம் நேத்து நீ உலையில போட்டதுதானே?

கொழுந்தன்: வேற யாரு போடுவா? முதலாளியா வந்து போடப் போறாரு?

அண்ணி: கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு.

கொழுந்தன்: நான்தான்.

அண்ணி: எதுல முக்கினே?

கொழுந்தன்: எண்ணெயிலதான். என்ன அண்ணி, புதுசா கேக்கறீங்க...

அண்ணி: இரும்போட கடினம் நாப்பத்தஞ்சு வரணும். மூணு பின்னை மெஷின்ல வச்சேன். மூணுமே அம்பதுக்கு மேல காட்டுது.

கொழுந்தன்: மெஷின் பழசு. அதுவும் நம்ம வீட்டு ஃபேன் மாதிரி, தட்டினாதான் ஒழுங்கா ஓடும்.

அண்ணி: அளவு தெரிஞ்ச மாதிரிக் கட்டையை வச்சும் பாத்துட்டேன். மெஷின் சரியாத்தான் இருக்கு. சிரிக்காதே, நானே பதறிப் போயிருக்கேன்.

கொழுந்தன்: நீங்க எதுக்குப் பதறணும்?

அண்ணி: இங்க வா. இந்தப் பின்னைப் பாரு. சிவப்புச் சாயம் தடவித் துடைச்சு, மேல வெள்ளை அடிச்சிருக்கேன். என்ன தெரியுது?

கொழுந்தன்: ...கோடு.

அண்ணி: தலைமயிர் கணக்கா ஒரு கோடு. சாயம் உள்ள இறங்கி வெளிய வருது. இப்பச் சொல்லு, எதுல முக்கினே?

டிரைவர்: மேடம், மூணு மணிக்குள்ள இறக்கணும். நாலு இடம் போகணும்.

அண்ணி: அஞ்சு நிமிஷம்ணே.

டிரைவர்: இதையேதான் அரை மணி நேரமா சொல்றீங்க.

அண்ணி: போய் வண்டியில உக்காருங்கண்ணே, கூப்பிடறேன். ...ம், சொல்லு.

கொழுந்தன்: தண்ணியில.

அண்ணி: அடப்பாவி.

கொழுந்தன்: வேற வழி இல்ல அண்ணி. பின்னெல்லாம் செக்கச்செவேல்னு வெளிய வந்துடுச்சு. திரும்பிப் பாத்தா எண்ணெய்த் தொட்டி புகையுது. எண்ணெயைச் சுத்தவிட்டு ஆத்தற பம்பு ஓடல. முந்தின தடவை முக்கின பின்னோட சூடு அப்படியே எண்ணெயில நிக்குது. அதுல இதையும் இறக்கியிருந்தா கொட்டகையே பத்திக்கும்.

அண்ணி: பம்பு ஏன் ஓடல?

கொழுந்தன்: போட மறந்துட்டேன்.

அண்ணி: எண்ணெய்ச் சூடு அறுபதுன்னு ஷீட்ல எழுதியிருக்கே. உன் கையெழுத்துதானே இது?

கொழுந்தன்: தினமும் அறுபதுதானே இருக்கும்... பாக்காமலே எழுதிட்டேன்.

அண்ணி: அப்பக்கூட திரும்ப உலைக்குள்ள தள்ளியிருக்கலாம்.

கொழுந்தன்: அந்த நேரத்துல மூளையா வேலை செய்யுது? சூடுன்னா தண்ணிதான் ஞாபகம் வருது. தீ பிடிச்சா தண்ணி, தொண்டை காஞ்சா தண்ணி, கை சுட்டா தண்ணி. பக்கத்துல தொட்டி இருந்துச்சு. போட்டுட்டேன்.

அண்ணி: போன வாரம் சூடு டீ இருந்த கண்ணாடி டம்ளரைக் குழாய்ல காட்டி உடைச்சியே. அப்பவே சொன்னேனா இல்லையா?

கொழுந்தன்: சொன்னீங்க. மேல்தோல் சட்டுனு இறுகிடும், உள்ள இன்னும் கொதிச்சுக்கிட்டு கிடக்கும், ரெண்டும் ஒண்ணை ஒண்ணு இழுத்துக் கிழிச்சுக்கும்னு. எண்ணெய்னா நிதானமா சூட்டை வாங்கும். எனக்கே பாடம் எடுக்காதீங்க அண்ணி. இதைப் பண்ணித்தான் சோறு திங்கறேன்.

அண்ணி: தெரிஞ்சவன் பண்ற வேலையா இது?

கொழுந்தன்: கத்துங்க. ரெண்டு அடி வேணும்னாலும் அடிங்க. கோவம் தணிஞ்சா சரி.

அண்ணி: எனக்குக் கோவமே இல்லடா. பயமா இருக்கு.

கொழுந்தன்: ...எதுக்கு?

அண்ணி: பெட்டியில எத்தனை இருக்கு?

கொழுந்தன்: பதினொண்ணு.

அண்ணி: போட்டது?

கொழுந்தன்: பன்னெண்டு.

அண்ணி: இன்னொண்ணு எங்கேன்னு உனக்குத் தெரியும்ல?

கொழுந்தன்: காலையில அண்ணன் வந்து வாங்கிட்டுப் போனாரு. அவரு கிடங்குல கிரேன் நின்னு போச்சாம்.

அண்ணி: அதை நான் மெஷின்ல வைக்கவே இல்ல.

கொழுந்தன்: என்ன சொல்றீங்க?

அண்ணி: அவசரம், அவசரம்னு குதிச்சாரு. வீட்டு மனுஷன்தானே, நீ போட்டதுதானேன்னு, பாக்காமலே சீட்டுல கையெழுத்துப் போட்டுட்டேன். அவரு போனதுக்கப்புறம் மனசு கேக்கல. சும்மா நிம்மதிக்காக இந்தப் பெட்டியில இருந்து மூணை எடுத்துப் பாத்தேன். அதுல வந்ததுதான் இந்தக் கோடு.

கொழுந்தன்: அதான் முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கா...

அண்ணி: ஒன்பது தடவை ஃபோன் பண்ணிட்டேன். எடுக்கல. கிரேன் மேல ஏறினா ஃபோனைச் சட்டையோட கழட்டி வச்சிடுவாரு. மூணு மணிக்கு லோடு ஏத்திப் பாக்கணும்னாரு. லோடு ஏறினா அடியில போய் நின்னு அண்ணாந்து பாப்பாரு, உனக்கே தெரியும். எத்தனை தடவை திட்டியிருக்கேன்...

கொழுந்தன்: அண்ணி, உக்காருங்க.

அண்ணி: உக்காரவா? மணி ரெண்டே கால். வண்டிச் சாவியை எடு. நீ ஓட்டு, நான் பின்னால உக்காந்து ஃபோன் அடிச்சுக்கிட்டே வரேன்.

கொழுந்தன்: அழாதீங்க. அண்ணனுக்கு ஒண்ணும் ஆகாது.

அண்ணி: சாவியை எடுடான்னா.

கொழுந்தன்: ஒண்ணும் ஆகாது அண்ணி.

அண்ணி: சாமி வந்து சொல்லுச்சா உனக்கு? கூடப் பிறந்தவன்டா. மரம் மாதிரி நிக்கிறே.

கொழுந்தன்: எனக்குத் தெரியும்.

அண்ணி: எப்படித் தெரியும்? என் முகத்தைப் பாத்துச் சொல்லு. எப்படித் தெரியும்?

கொழுந்தன்: தண்ணியில விழுந்தப்பவே டிக்கு டிக்குனு சத்தம் கேட்டுச்சு அண்ணி. எல்லாம் விரிஞ்சு போச்சுன்னு நேத்தே எனக்குத் தெரியும். அண்ணன் வந்து கேட்டப்ப போன மாசத்து நல்ல பின்னாப் பாத்து எடுத்துக் குடுத்தேன். இதுல ஒண்ணை எடுத்து என் லாக்கர்ல போட்டுட்டேன். மீதி யார் யாருக்கோ போறதுதானே, நீங்களும் என்னைக்கு மெஷின்ல வச்சுப் பாத்தீங்கன்னு... பெட்டியை உங்ககிட்ட அனுப்பிட்டேன்.