இருப்பில் இல்லாத நூல்

காலையில் ஐந்தரைக்கு எழுவேன். பால் காய்ச்சுவேன். சட்டைக்கு இஸ்திரி போடுவேன். ஆறே முக்காலுக்கு மருத்துவமனைக் கிடங்கைத் திறந்து, அன்றைய ஆபரேஷன்களுக்கு வேண்டிய பொருள்களைத் தட்டுகளில் எடுத்து வைப்பேன். அவள் போன பிறகும் இதில் எதுவும் மாறவில்லை.

என் மனைவி அங்கேயே தியேட்டர் நர்ஸ். வீட்டுக்கு வந்தால் பேச்செல்லாம் பெரிய சர்ஜனைப் பற்றித்தான். மூன்று வருடத்தில் அவர் போட்ட தையல் ஒன்றுகூடச் சீழ் பிடித்ததில்லையாம்.

“அது கைராசி இல்ல. கிருமி வராம மருந்து பூசின நூல். எடுத்துக் குடுக்கிறது நான்,” என்றேன்.

“ஐயே, பொறாமையப் பாரு! அவருக்கு அறுபது வயசுங்க. பல்லே பாதி கட்டினது.”

சிரித்தாள். அவரைப் பற்றிப் பேசும்போதுதான் அப்படிச் சிரிப்பாள்.

அவர் போட்ட தையலில் ஒன்றாவது பழுக்க வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான். அவளுக்குக் குடல்வால் வெடித்தபோது ஆபரேஷன் செய்தது அவர். பூச்சு நூல் கேட்டு வந்த சீட்டில் ‘இருப்பு இல்லை’ என்று எழுதி, சாதா நூலை அனுப்பினேன். கிடங்கில் இல்லையென்றால் தியேட்டரில் யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை. என் முதுகுக்குப் பின்னால் இரண்டு பெட்டி இருந்தது. சாதா நூலும் நல்ல நூல்தான். அது யாரையும் கொல்லாது.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் காயம் சிவந்தது. எனக்குத் திருப்தியாக இருந்தது.

“டாக்டர்கிட்ட காட்டணுங்க. இது சரியில்ல.”

அவர் விரல் மறுபடியும் அவள் வயிற்றில் படுவதை நினைத்துப் பார்த்தேன். நாளைக்குப் போகலாம் என்றேன். நானே கட்டுப் பிரித்துத் துடைத்துக் கட்டினேன். அவளுக்கு ஓய்வு தேவை என்பதால் போனை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினேன். வேலைக்குப் போகும்போது வாசல் கதவையும் பூட்டினேன். நான்கு நாள். காய்ச்சலில் உடம்பு தூக்கிப் போட்டது. டாக்டர், டாக்டர் என்றாள். எண்ணினேன், பதினொரு தடவை. தாலி கட்டியவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது.

கடைசி மூச்சிலும் அவரைத்தான் கேட்டாள் என்று முதலில் உங்களிடம் சொன்னேன். வாக்குமூலத்தில் எழுதியிருப்பீர்கள், இன்ஸ்பெக்டர். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். அவள் சொன்னது இதுதான்:

“யாராவது ஒரு டாக்டரக் கூப்பிடுங்க. அவருதான் வேணும்னு இல்லீங்க.”