படிச்சுக் காட்டாத பக்கம்

ஆமா மாமா, அப்பாவுக்குக் குரல் சுத்தமாப் போயிருச்சு. தொண்டை ஆபரேஷன் நல்லாத்தான் நடந்துச்சு, ஆனா இனிமே பேச்சு வராதுன்னு டாக்டர் நேத்து மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்து சொன்னாரு. அப்பா சிலேட்டுல என்ன எழுதிக் காட்டுனாரு தெரியுமா? சரி, காதாவது மிச்சம் இருக்கான்னு. டாக்டருக்குச் சிரிக்கறதா வேணாமான்னே தெரியல.

இல்ல மாமா, டீ வேணாம். வேணாம்னா வேணாம், அத்தைகிட்ட சொல்லுங்க. நீங்க உக்காருங்க. அப்பா வரலையான்னு கேக்காதீங்க, அவரு எந்திரிச்சு உக்காரவே ரெண்டு பேர் பிடிக்கணும். நான் மட்டுந்தான் வந்தேன். புத்தகம் நாளைக்கு அச்சுக்குப் போகுது. அச்சகத்துல நாந்தான் கொண்டு போய்க் குடுக்கணும். ஆமா, அந்த விடுதி இடிஞ்ச விஷயந்தான். வேலைக்குப் போற பொண்ணுங்க தங்கியிருந்தாங்களே, அது. மேல இன்னொரு மாடி ஏத்துனாங்க, மழையும் இல்ல காத்தும் இல்ல, ஒரு மத்தியானம் அப்படியே உக்காந்துருச்சே.

உங்கப்பா என்ன வேலை பாக்கறாருன்னு யாராச்சும் கேட்டா எனக்கு எரிச்சலா வரும். பத்திரிகைக்காரர்னா, எந்தப் பத்திரிகைன்னு அடுத்து கேப்பாங்க. ஒரு பத்திரிகையும் இல்ல. இருந்த பத்திரிகைல ஆசிரியர் இவரு கட்டுரைலேர்ந்து ஒரே ஒரு பேரை அடிச்சாரு. இவரு நாற்காலியத் தள்ளிட்டு எந்திரிச்சு வந்துட்டாரு. அதுக்கப்புறம் தனியாத்தான். அவரே தேடி, அவரே எழுதி, அவரே அடி வாங்கி.

அவரு பழக்கம் உங்களுக்குத் தெரியாததா. ஒருத்தரப் பத்தி எழுதுனா, அச்சாகறதுக்கு முன்னாடி அந்த ஆளு வீட்டுக்கே போகணும். மூஞ்சிக்கு நேரா உக்காந்து அந்தப் பகுதிய சத்தமாப் படிச்சுக் காட்டணும். மத்தவங்க எல்லாம் நாலு கேள்விய மெயில்ல தட்டி விட்டுட்டுப் பதில் வரலன்னு போட்டுருவாங்க. இவருக்கு அது ஆகாது. படிச்சுக் காட்டாத வரி அச்சுக்குப் போகக் கூடாது. தப்பு இருந்தா அந்த ஆளே சொல்லட்டும், அங்கயே திருத்திருவேன்னுவாரு.

நான் பள்ளிக்கூடத்த விட்டதுலேர்ந்து ஸ்கூட்டர்ல கூட்டிட்டுப் போறது நாந்தான். மருந்துக் கம்பெனி முதலாளி முழுசும் கண்ண மூடிக் கேட்டுட்டு, கள்ள மருந்து பத்தி ஒரு வார்த்தை சொல்லல, என் வயசக் கூட்டிப் போட்டிருக்க, அத மட்டும் மாத்துன்னாரு. அதுக்கும் முன்னாடி, நான் படிக்கறப்பவே, பள்ளிக்கூட முதலாளி ஒருத்தர் நாய அவுத்து விட்டாரு. அது நேரா வந்து அப்பா காலடில படுத்துக்கிச்சு. இவரு பாட்டுக்குப் படிச்சு முடிச்சாரு. முடிக்கற வரைக்கும் அந்த வீட்ல பச்சத் தண்ணி குடிக்க மாட்டாரு. குடிச்சுட்டா குரல் எறங்கிரும்பாரு.

அத்தை வச்சுட்டுப் போன டம்ளர ஏன் மாமா பாக்கறீங்க. ஆறட்டும், விடுங்க.

ஒரு புத்தகம் வந்தா ஒரு கூட்டம் கழண்டுக்கும். மொதல்ல பெரியப்பா வீடு. பெரியப்பாவோட முதலாளி பேரு அதுல இருந்துச்சு. அப்புறம் வாடகைக்கு விட்ட வீட்டுக்காரங்க ஒவ்வொருத்தரா. அம்மா, சித்தி வீட்டுக்குப் போய் மனசு ஆறிட்டு வரேன்னு போனாங்க, அங்கயே ஒரு வேலையும் பாத்துக்கிட்டாங்க. இன்னும் மனசு ஆறல போல. அந்த நாய்க்காரரு என் பள்ளிக்கூடத்துக்குந்தான் முதலாளி. எனக்குப் படிப்பு ஏறலன்னுதானே எல்லாரும் நெனைக்கறீங்க? நல்லாவே ஏறுச்சு. சாப்பாட்டு நேரத்துல பக்கத்துல உக்கார ஆள் இல்ல, அவ்வளவுதான். எத்தன நாளைக்கு டப்பாவையே பாத்துக்கிட்டுச் சாப்பிடறது. நின்னுட்டேன்.

எங்க வீட்டுக்கு ஆள் வரும், வராம இல்ல. எல்லாம் கஷ்டத்தோட வர்ற ஆளுங்க. சொல்லுவாங்க, அழுவாங்க, போயிருவாங்க. சும்மா வர்ற ஆளு நீங்க ஒருத்தர்தான். எந்த வீடு மாறுனாலும் நீங்க வந்து சுவத்த முட்டியால தட்டிப் பாத்து, இது நிக்கும், சாமான எறக்குங்கம்பீங்க. ஞாயித்துக்கிழமை செஸ். அப்பா ஒரு காய நகத்த யோசிக்கறதுக்குள்ள நீங்க தூங்கிருவீங்க. எழுப்பவே மாட்டாரு. நான் எழுப்பப் போனாலும் திட்டுவாரு. ஒருத்தன் குறட்டை விட்டாத்தான் இது வீடு மாதிரி இருக்கும்பாரு. எனக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கத்துக் குடுத்ததும் நீங்கதான். வேற யாரு இருந்தா.

அந்த விடுதில தப்பிச்ச பொண்ணு ஒருத்தி வந்தா. என் வயசு இருக்கும். கை ஒன்னு மடங்காது. அவளும் அவ கூட்டாளியும் ஒரே கட்டில்ல மாத்தி மாத்தித் தூங்குவாங்களாம், ஒருத்திக்குப் பகல் வேலை, ஒருத்திக்கு ராத்திரி வேலை. அன்னிக்குத் தூங்குற முறை கூட்டாளிது. அவ அப்பாகிட்ட ஒன்னுதான் கேட்டா. இதுக்குக் காரணமான எல்லார் பேரும் போடுவீங்களா சார்னு. போடுவேன்னு சொன்னாரு. அப்ப அவருக்குக் குரல் இருந்துச்சு. நானும் பக்கத்துல உக்காந்திருந்தேன்.

அதுக்கப்புறந்தான் நகராட்சிலேர்ந்து அந்தச் சான்றிதழ் கைக்கு வந்துச்சு. இந்தக் கட்டடம் இன்னொரு மாடி தாங்கும்னு ஒரு இன்ஜினியர் எழுதிக் குடுத்தது. அப்பா பாத்தாரு. கண்ணாடியக் கழட்டித் தொடச்சுட்டு மறுபடியும் பாத்தாரு. எங்கிட்டக் குடுக்காம மடியிலயே வச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு. அந்த ஞாயித்துக்கிழமை நீங்க வந்தீங்க. எல்லா ஆட்டமும் நீங்களே ஜெயிச்சீங்க. தொண்டை வலி போலன்னு நெனச்சீங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆனா எழுதாம விடல. அடுத்த வாரமே அந்தப் பக்கத்த எழுதிட்டாரு. யாருக்கும் படிச்சுக் காட்டத்தான் போகல. நாளைக்கு, நாளைக்குன்னாரு. அதுக்குள்ள ஆஸ்பத்திரி.

நேத்து டாக்டர் போனதும் சிலேட்ட வாங்குனாரு. இடம் பத்தாம அழிச்சு அழிச்சு எழுதுனாரு. படிச்சுக் காட்டாதது அச்சுக்குப் போகக் கூடாது. எனக்குக் குரல் இல்ல. அதனால அந்தப் பக்கத்த எடுத்துட்டுக் குடுன்னு. எந்தப் பக்கம், யாரு பக்கம், பேர எழுதுங்கன்னேன். எழுதல. என்னப் பாத்துக் கும்பிட்டாரு மாமா. பெத்த பொண்ணக் கும்பிட்டுட்டு செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாரு.

எனக்கும் பயந்தான். நீங்களும் போயிட்டா ஞாயித்துக்கிழமை நாங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும், அதுலயும் ஒருத்தர் பேச மாட்டாரு. ஆனா அவருக்குத்தான் குரல் இல்ல. எனக்கு இருக்கு.

எந்திரிக்காதீங்க மாமா. அத்தையும் வேணும்னா வந்து உக்காரட்டும். பெருசா ஒன்னும் இல்ல, ஒரு பக்கந்தான். அந்தச் சான்றிதழ்ல இருக்கற கையெழுத்து யாருதுன்னு நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்ல. தப்பா எதுவும் இருந்தா நடுவுல நிறுத்திச் சொல்லுங்க, இங்கயே திருத்திடறேன்.

அத எடுத்துரச் சொன்னாரு அப்பா. நான் எடுக்கல.