பரமலிங்கத்தாரின் கல்வெட்டில் வெண்ணிலா

பத்மாசினி: தேத்தண்ணி பிறகு குடிக்கிறன். என்ரை ஒன்பதாம் அத்தியாயம் எங்கை, கனிசியஸ்?

கனிசியஸ்: இரும், இரும். இணுவிலிலை இருந்து சைக்கிள் உழக்கி வந்தனீர். களைப்பாறும்.

பத்மாசினி: களைப்பில்லை.

கனிசியஸ்: பனங்கட்டி இருக்கு. நல்ல பனங்கட்டி. அம்மா...

பத்மாசினி: எட்டாம் அத்தியாயம் இந்தா கிடக்கு. பத்தும் இந்தா கிடக்கு. நடுவிலை பதினாறு பக்கத்தைக் காணேல்லை. இந்த அச்சுக்கூடத்திலை எழுத்துக் கோக்கிறது நீர், அடிக்கிறது நீர், தைக்கிறது நீர். பிறகு நான் ஆரைக் கேக்கிறது?

கனிசியஸ்: அடிச்சது உண்மை...

பத்மாசினி: எலி தின்டிட்டுதோ?

கனிசியஸ்: எலி எண்டால் நல்லாயிருந்திருக்கும்.

பத்மாசினி: அப்ப?

கனிசியஸ்: முந்நூறு பிரதியும் பத்திரமாய் இருக்கு. முந்நூறு வீட்டிலை. உடுப்பிட்டிப் பக்கம்.

பத்மாசினி: புத்தகம் முடிய முதலே விக்கத் துவங்கீட்டீரோ?

கனிசியஸ்: விக்கேல்லை. சும்மாதான் குடுத்திருக்கினம். பந்தி முடிய, வெத்திலையோடை.

பத்மாசினி: என்ன பந்தி?

கனிசியஸ்: அந்தியேட்டிப் பந்தி.

பத்மாசினி: கனிசியஸ்...

கனிசியஸ்: பரமலிங்கம் எண்டு ஒரு ஸ்டேசன் மாஸ்ரர் காலமாயிட்டார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியிலை குடுக்கிறதுக்குக் கல்வெட்டுப் புத்தகம் அடிக்கத் தந்தவை. தேவாரம், வாழ்க்கை வரலாறு, பேரப்பிள்ளையளின்ரை புலம்பல், வழமையாய் அடிக்கிறதுதான். அதுவும் ரூள் போட்ட கொப்பித் தாள், உம்மடையும் ரூள் போட்ட கொப்பித் தாள். இந்தப் பொருளாதாரத் தடைக்குள்ளை வேறை தாள் யாழ்ப்பாணத்திலை எங்கை இருக்கு? பக்கத்திலை பக்கத்திலை அடுக்கி வைச்சிட்டு...

பத்மாசினி: சொல்லாதையும்.

கனிசியஸ்: தைச்சுப்போட்டன்.

பத்மாசினி: தைக்கேக்கை கண் எங்கை இருந்தது?

கனிசியஸ்: உம்மடை கதையிலைதான். வாசிச்சுக்கொண்டு தைச்சனான். கை மாறிப்போச்சு.

பத்மாசினி: பிறகும் கவனிக்கேல்லையோ?

கனிசியஸ்: நான் குருநகர் வேதக்காரப் பெடியன். உங்கடை அந்தியேட்டியிலை என்ன வாசிக்கிறது எண்டு எனக்கு என்ன தெரியும்? நடுவிலை உப்பிடியும் ஏதும் வரும் ஆக்கும் எண்டு விட்டிட்டன்.

பத்மாசினி: நினைவை அழிக்கிற நகரத்திலை ஒரு காதல். அது செத்தவீட்டிலை வரும் எண்டு நினைச்சனீர்.

கனிசியஸ்: சோகம்தானே. பொருந்தும் எண்டு...

பத்மாசினி: எந்த இடத்திலை தைச்சனீர்? அதையாவது சொல்லும்.

கனிசியஸ்: வாழ்க்கை வரலாற்றுக்கு நடுவிலை. எட்டாம் பக்கம் இப்பிடி முடியுது. "நாற்பது ஆண்டுகள் அப்பழுக்கின்றிச் சேவையாற்றி ஓய்வு பெற்றபின் அன்னார்..."

பத்மாசினி: ம்.

கனிசியஸ்: மற்றப் பக்கம் உம்மடை. "வெண்ணிலாவின் கையைப் பிடித்துக்கொண்டு கடற்கரை வழியே ஓடினான்."

பத்மாசினி: ஐயோ, என்ரை முருகா.

கனிசியஸ்: "ஓடினான்" எண்டு மரியாதையில்லாமல் அடிச்சிருக்கிறியள் எண்டுதான் மூத்த மகனுக்குப் பெரிய கோவம். நேற்று வந்து நிண்டு ஏசினவர். "ஓடினார்" எண்டாவது போட்டிருக்கலாமாம்.

பத்மாசினி: சிரிக்காதையும்.

கனிசியஸ்: நீர்தான் சிரிக்கிறீர்.

பத்மாசினி: நான் சிரிக்கேல்லை. புரைக்கேறிப்போச்சு. பிறகு?

கனிசியஸ்: பிறகென்ன. முழுச் சனமும் வாசிச்சிருக்கு. கவலைப்படுற ஆக்களைப் பிடிச்சு மறதி மண்டபத்துக்குக் கொண்டுபோற இடம் வருது எல்லோ? ஒரு சித்தப்பா கேட்டாராம், அந்த மண்டபம் எந்த ஸ்டேசனுக்குக் கிட்ட எண்டு.

பத்மாசினி: கடவுளே.

கனிசியஸ்: ஊர் விதானையார் வேறை வந்திருந்தவராம். இரண்டாயிரத்து அறுபதாம் ஆண்டிலையும் கவலை உண்மைதான் எண்டு விதானையார் கையெழுத்து வைக்கோணும் எண்டு எழுதியிருக்கிறீர். அவருக்குச் சரியான சந்தோசம். அப்ப தங்கடை வேலை போகாதாம்.

பத்மாசினி: வெண்ணிலாவின்ரை காதலன், இனவன், மண்டபத்துக்குள்ளை இருந்து வெளியிலை வாற இடம்? அதையும் வாசிச்சவையோ?

கனிசியஸ்: அதிலைதான் பிரச்சினை பெருத்தது. வெண்ணிலா முன்னாலை நிக்கிறாள். அவன் பாத்துப்போட்டு, "நீங்கள் எந்த வரிசைக்கு நிற்கிறீர்கள்?" எண்டு கேக்கிறான். அதோடை பதினாறு பக்கமும் முடியுது. மற்றப் பக்கம் திரும்பவும் பரமலிங்கத்தாரின்ரை வாழ்க்கை வரலாறு.

பத்மாசினி: பெண்சாதி இருக்கிறாவோ?

கனிசியஸ்: இருக்கிறா. குணலட்சுமி அம்மா. அவ கேட்டதைச் சொல்லட்டோ?

பத்மாசினி: வேண்டாம்... சொல்லும்.

கனிசியஸ்: "அம்பது வருசம் என்னோடை சந்நிதி கோயிலுக்கு நடந்து வாங்கோ எண்டால் முழங்கால் நோ எண்டவர், ஆரோ ஒருத்தியோடை கடற்கரையாலை ஓடினவரோ?" எண்டு.

பத்மாசினி: பாவம் மனுசி. நீர் சிரிக்கிறீர்.

கனிசியஸ்: கேளும், மிச்சத்தையும் கேளும். அவர் போன நாள் துவக்கம் மனுசி எழும்பேல்லையாம். சாப்பாடில்லை, கதையில்லை, சுவரைப் பாத்தபடி படுக்கை. முப்பது நாள். இந்தக் கோவத்திலைதான் எழும்பி இருந்து கல்வெட்டைப் பறிச்சு வாசிச்சவா. ரண்டாந்தரம் வாசிக்கேக்கைதான் இது ஆரோ எழுதின கதை எண்டு விளங்கினதாம். விளங்கினாப் போலை, ஒரு கோப்பை சோறு கொண்டாங்கோ எண்டாவாம்.

பத்மாசினி: சாப்பிட்டவாவோ?

கனிசியஸ்: சோறும் சாப்பிட்டு, பாயாசமும் ரண்டு தரம் வாங்கினவாவாம். மகனே சொன்னவர். ஏச வந்தவர் அதைச் சொல்லேக்கை அழுதிட்டார்.

பத்மாசினி: சுவரைப் பாத்தபடி எண்டீர்.

கனிசியஸ்: ஓம்.

பத்மாசினி: தொண்ணூறிலை சண்டையோடை மயிலிட்டியை விட்டு வந்தாப் பிறகு நானும் அப்பிடித்தான் கிடந்தனான். எட்டு மாசம். தலை சீவக்கூட மனம் வராது. ஆரோ செய்வினை செய்துபோட்டினம் எண்டு அம்மா நூல் கட்டினவா. மாமி தேசிக்காய் வெட்டினவா. இணுவில் கோயிலிலை திருநீறு... ஒண்டும் சரிவரேல்லை.

கனிசியஸ்: இது நீர் சொல்லேல்லை ஒரு நாளும்.

பத்மாசினி: என்னெண்டு சொல்லுறது? நினைவை அழிக்கிற மெசின் ஒண்டு இருந்தால் முதல் ஆளாய்ப் போய் நிப்பன் எண்டு நினைச்சனான். வீடு, கடல், கிணத்தடி, எல்லாத்தையும் எடுத்துக்கொண்டு என்னை விடுங்கோ எண்டு. பிறகு அந்த வரிசையிலை வேறை ஆரார் நிப்பினம் எண்டு ஒரு யோசினை வந்தது. எழும்பிக் கொப்பியைத் தேடினன். அப்பிடித்தான் கதை துவங்கினது.

கனிசியஸ்: நல்லகாலம் கொப்பி இருந்தது.

பத்மாசினி: அது தம்பியின்ரை கணக்குக் கொப்பி. சரி, எனக்கு இப்ப ஒன்பதாம் அத்தியாயத்துக்கு வழி சொல்லும். திரும்ப அடிக்கேலாதோ?

கனிசியஸ்: எழுத்தை எல்லாம் கலைச்சுப் பெட்டியிலை போட்டாச்சு. இருக்கிற ஈய எழுத்தைக் கலைச்சால்தானே மற்றப் பக்கம் கோக்கலாம். முதலிலை இருந்து கோக்கோணும்.

பத்மாசினி: மறதி மண்டபம் வேறை எங்கையும் இல்லை. உங்கடை அச்சுக்கூடம்தான்.

கனிசியஸ்: கோக்கிறது பெரிய வேலையில்லை. தாள்தான் இல்லை. பத்தாம் அத்தியாயத்தோடை முடிஞ்சுது. இனி ஒரு தாளும் தரமாட்டன் எண்டு முதலாளி சொல்லிப்போட்டார்.

பத்மாசினி: அப்ப என்ரை புத்தகம் இவ்வளவுதான்.

கனிசியஸ்: இல்லை. குணலட்சுமி அம்மாவிட்டைத் தாள் இருக்கு. றெயில் ஓடின காலத்துக் கடதாசி, ரண்டு றங்குப் பெட்டி நிறைய. ஒரு பக்கம் அட்டவணை, மற்றப் பக்கம் வெறுமை. முழுக்கத் தாறாவாம்.

பத்மாசினி: சும்மாவோ?

கனிசியஸ்: சும்மா இல்லை. இனவனுக்கு வெண்ணிலாவை நினைவு வருதோ இல்லையோ எண்டு சொல்லோணுமாம். கடைசி அத்தியாயத்தை நாளைக்கு இங்கை வந்து கேக்கப்போறா. கேட்டாப் பிறகுதான் பெட்டி திறபடும்.

பத்மாசினி: நாளைக்கோ?

கனிசியஸ்: நாளைக்குப் பத்து மணிக்கு. மகன் சைக்கிளிலை ஏத்திக்கொண்டு வாறார்.

பத்மாசினி: நாளைக்குச் சரிவராது. வெண்ணிலாவுக்கு இன்னும் அலுவல் கிடக்கு.

கனிசியஸ்: என்ன அலுவல்? பதினெட்டாம் அத்தியாயத்திலை மண்ணெண்ணைக்கு வரிசையிலை நிக்கிறாள். பத்தொன்பதிலும் நிக்கிறாள். இருபதிலை சவுக்காரத்துக்கு நிக்கிறாள்.

பத்மாசினி: வருங்காலம் அப்பிடித்தான் இருக்கும்.

கனிசியஸ்: இனவன் அவளுக்குப் பக்கத்திலை வந்து வாயைத் திறக்கிறான். உடனை மழை வருது. மூண்டு தரம் மழை.

பத்மாசினி: மாரிகாலம்.

கனிசியஸ்: ஒரு அத்தியாயத்திலை "சித்திரை வெயில்" எண்டு துவங்கி மழை பெய்யுது, பத்மா.

பத்மாசினி: இரண்டாயிரத்து அறுபதிலை சித்திரையிலையும் பெய்யும்.

கனிசியஸ்: அந்த மனுசி அரைவாசிக் கதையை வைச்சுக்கொண்டு சோறு தின்னத் துவங்கியிருக்கு. நாளைக்கு வந்து, முடிவில்லை எண்டு கேட்டால் திரும்பப் போய்ப் படுத்திடும். பகிடியை விடும். முடிவு எழுதேல்லையோ?

பத்மாசினி: ...எழுதினனான்.

கனிசியஸ்: எப்ப?

பத்மாசினி: பொங்கலுக்கு முதலே. மூண்டு மாசமாய் அவளைச் சும்மா வரிசையிலை நிப்பாட்டி வைச்சிருக்கிறன். கதை முடிஞ்சுது எண்டு தந்தால் இங்கை வர எனக்கு என்ன அலுவல்? அலுவலில்லாட்டில் சைக்கிளை எடுக்கமாட்டன். பிறகு அந்தப் பாயும் அந்தச் சுவரும்தான். பயமாய்க் கிடக்கு, கனிசியஸ்.

கனிசியஸ்: தெரியும். பொங்கலுக்கு முந்தின கிழமை கொப்பியை மேசையிலை வைச்சிட்டுத் தண்ணி குடிக்கப் போனனீர். கடைசிப் பக்கத்தை வாசிச்சிட்டன். இனவனுக்கு ஒரு நினைவும் வரேல்லை. புதிசாய்ப் பேர் கேக்கிறான், அவளும் சொல்லுறாள். அந்த நாள் துவக்கம் ஒரு நாளிலை கோக்கிறதைப் பத்து நாள் இழுக்கிறன். எனக்குக் கண் மங்கிப்போட்டுது எண்டு முதலாளி கண்ணாடிக்குச் சொல்லிவிட்டிருக்கிறார். நாளைக்கு அந்த மனுசிக்கு முடிவை வாசிச்சுக் காட்டும். நாளையிண்டைக்கும் வாரும். அலுவலில்லாமல் வாரும்.