ஆட்டுக்கொம்பு உச்சியில் சூரிய உதயம்

வெரேனா: ...அதனால நாளைக்குக் காலையில நாலு மணிக்கு நீங்கதான் கூட்டிட்டுப் போறீங்க, தலைவரே.

வீகில்: நானா? வழிகாட்டின்னு செவெரின் எதுக்கு இருக்கான்?

வெரேனா: கட்டில்ல இருக்கான். கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருக்கு.

வீகில்: மலையில விழுந்தானா?

வெரேனா: பேண்டு ஒத்திகையில. மேடையிலருந்து, ஊதிக்கிட்டே... பத்தொன்பது விருந்தாளிங்க பேர் கொடுத்திருக்காங்க. ஆட்டுக்கொம்பு உச்சி, அங்க நட்டிருக்கிற சிலுவைக்குக் கீழ நின்னு சூரிய உதயம். நம்ம கோடைத் திட்டப் புத்தகத்துல முதல் பக்கமே அதுதானே?

வீகில்: நான் சுற்றுலாச் சங்கத் தலைவர்மா. தலைவன் திட்டம் போடணும், நடக்கக் கூடாது.

வெரேனா: அந்த முதல் பக்கப் படத்துல சிலுவையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது யாரு? கீழ "இந்த உச்சி என் வீட்டு முற்றம்"னு வேற.

வீகில்: நல்ல வரி. நானே எழுதினது.

வெரேனா: அவங்களும் அதைத்தான் சொல்றாங்க. செவெரின் இல்லேன்னா முற்றத்துக்காரரையே அனுப்புங்கன்னு.

வீகில்: ...நாளைக்கு மழை வரும்.

வெரேனா: வானிலை அறிக்கை வராதுங்குது.

வீகில்: என் முழங்கால் வரும்ங்குது.

வெரேனா: போன சனிக்கிழமை மேசை மேல ஏறி ஆடினப்ப அந்த முழங்கால் ஒண்ணும் சொல்லலையே?

வீகில்: சரி, திட்டத்தை மாத்து. ஓடையில வெறுங்கால் நடை. நானே முன்னாடி...

வெரேனா: அது செவ்வாய்க்கிழமை.

வீகில்: மேய்ச்சல் குடிசையில பாலாடைக்கட்டி...

வெரேனா: வியாழன். நாளைக்குப் புதன். புதன்னா சூரியன்.

வீகில்: சூரியன் தினம்தான் உதிக்குது! என் ஹோட்டல் பால்கனியிலருந்து பாக்கச் சொல்லு. காபியோட.

வெரேனா: அங்க ஒன்பது மணிக்குத்தான் வெயிலே வருது, எதிர்மலை மறைக்குது. ரத்து பண்ணினா ஏன்னு கேப்பாங்க, தலைவரே. முற்றத்துக்காரர் ஏன் வரலைன்னும் கேப்பாங்க. சாயங்காலத்துக்குள்ள ஊரே கேக்கும்.

வீகில்: ...கதவைச் சாத்து.

வெரேனா: எப்பவோ சாத்தியாச்சு.

வீகில்: இது இந்த அறையைத் தாண்டக் கூடாது. நான்... அங்க போனதில்லை.

வெரேனா: இந்த வருஷமா?

வீகில்: எந்த வருஷமும்! உயரம்னா எனக்குத் தலை சுத்தும்மா. சொந்த ஹோட்டல்லயே தரைத்தளத்துலதான் படுக்கிறேன்.

வெரேனா: தெரியும்.

வீகில்: என்ன தெரியும்?

வெரேனா: வர்ணம் அடிக்கச் சிலுவையை உச்சியிலருந்து ஊருக்குக் கீழ இறக்கினப்ப, தச்சர் யாகோப் பட்டறையில நின்னு எடுத்த படம் அது. பின்னாடி அவர் பொண்டாட்டி துணி காயப்போட்டிருந்தாங்க. அந்த உள்பாவாடையைப் படத்துலருந்து வெட்டி எடுத்தது நான்தான்.

வீகில்: அஞ்சு வருஷமா தெரிஞ்சிருந்துமா இப்படி ஆட்டி வச்சே?... சரி, அப்ப நீயே போ. துண்டறிக்கையில எழுதியிருக்கியே, "மூணாவது வளைவுல இடப்பக்கம் ஊற்று, பாறை இடுக்குல மலை அணில் விசிலடிக்கும்"னு. கண்ணைக் கட்டிவிட்டாலும் போயிடுவே.

வெரேனா: நானும் ஏறினதில்லை, தலைவரே. அதெல்லாம் ஹாம்பர்க்லருந்து வர்ற விருந்தாளி ப்ரோடர்சன் அம்மா சொல்லச் சொல்ல எழுதினது. எழுபத்தாறு வயசு. இருபத்திரண்டு கோடையா வர்றாங்க, வர்றப்பல்லாம் ஏறிடறாங்க.

வீகில்: விடாம வர்ற விருந்தாளின்னு போன வருஷம் நான் பதக்கம் குத்தினேனே, அந்தம்மாவா? "எங்கள் மலையை உங்களுக்கு அறிமுகப்படுத்தியது எங்கள் பாக்கியம்"னு பேசினப்ப அப்படி ரசிச்சு சிரிச்சாங்களே...

வெரேனா: ரசிச்சுதான் சிரிச்சாங்க. நாளைக்கு முன்னாடி நடக்கப்போறது அவங்கதான். காலையிலயே கேட்டுட்டேன்.

வீகில்: இதை முதல்லயே சொல்ல மாட்டியா! பிரமாதம். நான் ஊர் எல்லை வரைக்கும் வந்து, தொப்பியை அசைச்சு, ஒரு சின்ன உரை...

வெரேனா: உரை வேண்டாமாம். வேற ஒரு நிபந்தனை வச்சிருக்காங்க.

வீகில்: என்னவாம்?

வெரேனா: பட்டியலைப் பாருங்க. இப்ப இருபத்தொண்ணு. கடைசி ரெண்டு பேரு நாம. "முதல் தடவை ஏறுகிறவர்கள்"னு அவங்க கையாலயே எழுதி, நமக்குன்னு தனியா ஒரு கயிறும் கொண்டு வர்றாங்களாம்.