பதினெட்டுத் தீவும் ஒரே நொடியில்

— சொன்னா சிரிப்ப, பெர்குர் மாப்ள. நம்ம ஃபாரோ நாட்டோட பதினெட்டுத் தீவையும் ஒரே நொடியில கத்த வெச்சவன் நான்.

— ரிட்டையர் ஆனதுலேர்ந்து உன் புளுகு பெருத்துக்கிட்டே போகுது, ட்ரோந்துர். போன வாரம் சொன்ன கதையில திமிங்கலம் உன் கேபிளைக் கடிச்சுச்சு.

— திமிங்கலமோ நங்கூரமோ, உன் மக ரன்வா நம்ம நாட்டுக்காக ஹேண்ட்பால் இறுதி ஆட்டம் ஆடுன அன்னிக்கு, டிவிப் படம் கொண்டு வர்ற கடலடிக் கேபிள் அறுந்தது நிஜம்.

— அவ பேச்சை எடுக்காத. படகை எடுத்து நடத்துன்னேன். பந்துதான் பெருசுன்னு டென்மார்க்குக்குப் போனவ.

— நாளைக்குக் கப்பல்ல வர்றா. நீ துறைமுகத்துக்கு வரமாட்டேன்னு என் தங்கச்சி அழுவுறா. அதனால கேளு. மிச்சம் இருந்தது பழைய கேபிள் ஒண்ணு, தூண்டில் நரம்பு கணக்கா மெல்லிசா. ஆட்டத்தை டிவியில காட்டுற கம்பெனி மூணு. அதே படத்தை மூணு பேரும் தனித்தனியா இழுத்தா ஒரு வீட்லயும் படம் அசையாது. மூணு பேரையும் ஒரே மேசையில உக்கார வெச்சேன். ஒரே படம் வரட்டும், என் கேபிள் நிலையத்துல இறக்கி எல்லாருக்கும் பிரிச்சுத் தர்றேன்னேன். மூலையில யார் சின்னம்னு ஒரு மணி நேரம் சண்டை. யாரோடதும் வேணாம்னு ஆட்டுத் தலையைப் போட்டேன்.

— ஆட்டுத் தலையா?

— கொம்போட. அப்புறம்தான் பெரிய சிக்கல். ஒருத்தன் படம் எப்பவும் முந்தி வரும், இன்னொருத்தன் படம் இருவது நொடி பிந்தி. பக்கத்து வீட்ல கத்தி ஓய்ஞ்சப்புறம்தான் நம்ம வீட்ல கோல் விழும். முந்துறவன் கடைசி ஆளுக்காகக் காத்திருக்கணும்னேன். எந்திரிச்சுப் போயிட்டான்.

— போனவன் எங்க திரும்பி வரப்போறான்.

— வந்தான். அவங்க அம்மா வீட்லயே அந்தக் கடைசி ஆளோட இணைப்புதானாம்.

— ம்.

— கடைசி நொடி. ரெண்டு பக்கமும் சமம். ரன்வா எறிஞ்சா. என் நிலையத்து ஜன்னல் அதிர்ந்துச்சு, மாப்ள. ஊர் மொத்தமும் ஒரே தொண்டை. முப்பத்தெட்டு வருஷ வேலையில அப்படி ஒரு சத்தம் நான் கேட்டதில்ல. நீ எங்க இருந்த அன்னிக்கு?

— அந்த ஆட்டத்தைப் பார்க்கக் கூடாதுன்னுதான் படகை எடுத்துட்டுப் போனேன். ரெண்டு தீவுக்கு நடுவுல எஞ்சினை அணைச்சுட்டு உக்காந்திருந்தேன். ரெண்டு கரையிலேர்ந்தும் ஒண்ணா வந்துச்சு சத்தம். தண்ணியில கெடந்த பறவை அத்தனையும் எழும்பிடுச்சு. என் மக போட்ட கோல்னு எவனும் சொல்லாமலே தெரிஞ்சுபோச்சு. நீ சொன்னது நடந்துச்சு, மச்சான். நானும் கத்தினேன்.